நைஜீரியாவின் பின்வாங்கல்

ஆப்பிரிக்காக் கண்டத்திலேயே அதிக ஜனத்தொகை கொண்ட நைஜீரியா தேசத்தில், சென்ற 2025ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஓர் உத்தரவு பிறந்தது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் முதல் 6 வகுப்புகளிலும் குழந்தைகளுக்கு அவரவர் தாய்பாஷையிலேயே பாடம் சொல்ல வேண்டுமென்று 2022ஆம் வருஷம் அதே நவம்பரில் அந்த சர்க்கார் ஒரு கொள்கையை ஏற்றிருந்தது. மூன்று வருஷம் சென்றதும் அந்தக் கொள்கை ரத்து செய்யப்பட்டுவிட்டது. சிறு குழந்தைகளின் வகுப்பிலிருந்து சர்வகலாசாலை வரையில் இங்கிலீஷே போதனா பாஷையாக இருக்குமென்று கல்வி மந்திரி டுஞ்சி அலௌசா அறிவித்தார். இதை அவர் அறிவித்த இடத்தையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அபுஜா நகரில் பிரிட்டிஷ் கவுன்ஸில் கூட்டிய பாஷைக் கல்வி மகாநாட்டின் மேடை அது. நைஜீரியா சுதந்திரம் பெற்று 65 வருஷங்களான பின்பு, அந்த தேசத்துக் குழந்தைகள் எந்த பாஷையில் படிப்பதென்ற தீர்ப்பு இங்கிலீஷ்காரர் அமைத்த மேடையிலிருந்து வெளியாயிற்று. மந்திரிக்கு இதில் யாதொரு கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மந்திரியவர்கள் காரணம் கூறாமல் உத்தரவு போடவில்லை. தாய்பாஷைப் போதனையை அதிகமாகக் கைக்கொண்ட பிரதேசங்களில்தான் உயர்தரப் பள்ளி இறுதிப் பரீட்சையிலும் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையிலும் மாணவர்கள் கூட்டங்கூட்டமாகத் தோல்வியுறுகிறார்கள் என்றும், ஆகவே தாய்பாஷையே குற்றவாளி என்றும் அவர் சொன்னார். இந்தச் சாட்சியத்தைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம். கொள்கை ஏற்கப்பட்டது 2022ஆம் வருஷத்தின் இறுதியில். அதற்குப் பிறகு முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 6 வருஷம் ஆரம்பப் பள்ளியிலும் 6 வருஷம் அதற்கு மேற்பட்ட பள்ளியிலும் படித்து இறுதிப் பரீட்சைக்கு உட்காருவதற்கு 2035ஆம் வருஷம் ஆகிவிடும். இப்பொழுது பரீட்சையில் தவறியவர்கள் யார்? கொள்கை வருவதற்கு முன்பே ஆரம்பப் பள்ளியைக் கடந்து, வருஷக்கணக்காக இங்கிலீஷில் பாடம் கேட்டு, இங்கிலீஷில் உருப்போட்டு, இங்கிலீஷில் பரீட்சை எழுதியவர்கள். அவர்களுடைய தோல்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமானால், பதில் சொல்ல வேண்டியது இங்கிலீஷ் போதனையேயன்றி வேறல்ல. குற்றம் நடந்தபோது பிறந்தே இராத ஒருவனைக் கூண்டில் ஏற்றித் தண்டிப்பதைப் போன்றிருக்கிறது மந்திரியின் நியாயம். எந்தக் கோர்ட்டிலும் இந்த வழக்கு முதல் வாய்தாவைக் கடக்காது.

கைவிடப்பட்ட கொள்கைதான் என்ன பாடுபட்டது? தாய்பாஷைக்கு இடமளிக்கும் வாசகம் நைஜீரியாவின் கல்விக் கொள்கையில் 1977ஆம் வருஷம் முதலே இருந்து வருகிறது. ஆனால் அந்த வாசகத்துக்குக் கை கால் முளைக்க யாரும் விடவில்லை. ஹௌஸாவிலும் யோருபாவிலும் இக்போவிலும் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கப் போதுமான உபாத்தியாயர்களைத் தயார் செய்யவில்லை. போதுமான பாடபுஸ்தகங்களை அச்சிடவில்லை. 2022ஆம் வருஷத்துக் கொள்கைக்கும் அதே கதிதான் நேர்ந்தது. பயிற்சியில்லை, புஸ்தகமில்லை, பணமில்லை. மூன்று வருஷம் கழித்து, பரீட்சித்துப் பார்த்தோம், பலிக்கவில்லை என்று கையை உதறுகிறார்கள். விதையைத் தூவாமலே நிலத்தின்மீது பழி போடும் விவசாயியை நாம் எங்கும் கண்டதில்லை, மந்திரிகளில்தான் காண்கிறோம்.

உண்மையான பரீட்சை ஒன்று அந்த தேசத்திலேயே நடந்திருக்கிறது. மந்திரியின் தாய்பாஷையான யோருபாவிலேயே நடந்தது என்பதால் அவர் அதை அறியாதிருக்க முடியாது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

யோருபாவுக்கு முதன்முதலில் அச்சில் இலக்கணமும் அகராதியும் உண்டாக்கியவர்களில் தலையானவர் சாமுவேல் அஜாயி கிரௌதர். சிறுவனாயிருக்கும்போது அடிமை வியாபாரிகள் அவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். 1822ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மறித்து அவரை விடுவித்து ஸியரா லியோனில் இறக்கியது. 1827ஆம் வருஷத்தில் பாதிரிமார் அங்கே ஸ்தாபித்த ஃபூரா பே கலாசாலையின் முதல் மாணவர் அவரே. இங்கிலீஷ் கற்று, பாதிரியாகி, பின்னால் பிஷப்பாகவும் உயர்ந்த அவர், 1843ஆம் வருஷத்தில் தம் தாய்பாஷையின் சொற்களைத் தொகுத்து இலக்கணத்தோடு வெளியிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் மேல்தரக் கல்வியினுடைய முதல் கனி இப்படியாகத் தாய்பாஷைக்கே போய்ச் சேர்ந்தது.

அதற்குச் சற்றேறக்குறைய 130 வருஷங்களுக்குப் பிறகு, இஃபே சர்வகலாசாலையில் கல்விப் பேராசிரியராயிருந்த பாப்ஸ் ஃபாஃபுன்வா ஒரு சோதனையை ஆரம்பித்தார். 1970 முதல் 1978 வரையில் அது நடந்தது. அப்பொழுதிருந்த வழக்கம் யாதெனில், முதல் மூன்று வகுப்புகளில் யோருபாவில் சொல்லிக் கொடுத்துவிட்டு, நான்காம் வகுப்பில் திடீரென்று எல்லாப் பாடங்களையும் இங்கிலீஷுக்கு மாற்றிவிடுவது. எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு எண்ணும் எழுத்தும் சற்றுப் பிடிபட்டு வரும் சமயம் பார்த்து, அதன் காலடியிலிருந்த பலகையை உருவிவிடுவதற்கு இது ஒப்பாகும். ஃபாஃபுன்வா செய்தது இதுதான்: சில வகுப்புகளில் கணிதம், விஞ்ஞானம், சமூக பாடம் யாவையும் 6 வருஷமும் யோருபாவிலேயே நடத்தினார், இங்கிலீஷை, அதற்கென்று பயிற்சி பெற்ற உபாத்தியாயரைக் கொண்டு தனிப் பாடமாகப் போதித்தார். மற்றும் சில வகுப்புகளைப் பழைய வழக்கப்படியே விட்டுவைத்தார். இரண்டு தரத்தாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரிசோதித்தார்.

முடிவு என்ன? 6 வருஷமும் யோருபாவில் படித்தவர்களே மற்றப் பாடங்களில் முந்தி நின்றார்கள். இது எதிர்பார்க்கத்தக்கதுதான். இங்கிலீஷிலும் அவர்களே முந்தி நின்றார்கள் என்பதுதான் பலருக்கு ஆச்சரியமாயிருந்தது. நமக்கு அதில் ஆச்சரியமில்லை. புரிந்துகொண்டு படிக்கும் பழக்கம் ஒரு பாஷையில் வேரூன்றிவிட்டால் அது அடுத்த பாஷைக்குத் தானே கூட வருகிறது. புரியாமல் ஒப்பிக்கும் பழக்கமும் அப்படியே கூட வருகிறது. ஃபாஃபுன்வா அத்துடன் நிற்கவில்லை. யோருபாவில் பாடபுஸ்தகங்கள் எழுதுவித்தார், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் வேண்டிய சொற்களை உண்டாக்குவித்தார், உபாத்தியாயர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். சோதனையின் வரலாறு 1989ஆம் வருஷத்தில் புஸ்தகமாக இபாதானில் வெளியாயிற்று. அவரே 1990 முதல் 1992 வரை தேசத்தின் கல்வி மந்திரியாகவும் இருந்தார். அப்படியிருந்தும் தம்முடைய முறையை தேசமெங்கும் பரப்ப அவரால் இயலவில்லை. இராணுவ ஆட்சியின் கீழ் மந்திரி பதவி எவ்வளவு பெறும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

நைஜீரியா கல்விக்காக ஒன்றுமே செய்யவில்லையென்று சொன்னால் அது அநியாயமாகும். 1955ஆம் வருஷத்திலேயே மேற்குப் பிரதேசத்தில் ஒபாஃபெமி அவோலோவோவின் சர்க்கார் சம்பளமில்லாத ஆரம்பக் கல்வியை ஏற்படுத்தியது. முன் வருஷத்தில் நாலரை லட்சம் போல் இருந்த பள்ளிப் பிள்ளைகள் ஒரே வருஷத்தில் 8 லட்சத்துக்கு மேல் ஆனார்கள். பூர்ண சுதந்திரத்துக்கு 5 வருஷம் முன்பு, உள்நாட்டார் கையில் அதிகாரத்தின் ஒரு பகுதி வந்ததும் செய்த முதற் காரியங்களில் இது ஒன்று. 1976லும் 1999லும் தேச முழுமைக்கும் இதே திட்டத்தை விரித்தார்கள். மற்ற தேசங்களும் இவ்வழியே சென்றன. மலாவி 1994லும், உகாண்டா 1997லும், கென்யா 2003லும் ஆரம்பப் பள்ளிச் சம்பளத்தை நீக்கின. உகாண்டாவில் சுமார் 31 லட்சமாயிருந்த மாணவர் தொகை ஒரே வருஷத்தில் 53 லட்சமாயிற்று. கென்யாவில் கிமானி மாருகே என்னும் 84 வயதுக் கிழவர், வெள்ளைக்காரரை எதிர்த்துப் போராடிய பழைய வீரர், 2004ஆம் வருஷத்தில் அரைக்கால் சட்டையுடன் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஜனங்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று இனி யாரும் வாய்திறக்க முடியாது.

கதவு திறந்தது, கூட்டம் உள்ளே வந்தது. உள்ளே 100 குழந்தைகளுக்கு ஓர் உபாத்தியாயர், அவருக்கும் பயிற்சியில்லை. 2030க்குள் ஸஹாராவுக்குத் தெற்கேயுள்ள தேசங்களுக்கு மட்டும் இன்னும் 1 கோடியே 50 லட்சம் உபாத்தியாயர்கள் வேண்டுமென்று யுனெஸ்கோ மதிப்பிட்டிருக்கிறது. பத்து வயதில் ஒரு சிறு கதையைப் படித்துப் பொருள் சொல்ல இயலாத குழந்தைகள் அந்தப் பிரதேசத்தில் நூற்றுக்கு 89 என்று உலக பாங்கியும் அதன் கூட்டாளிகளும் 2022ஆம் வருஷத்தில் கணக்கிட்டார்கள். நைஜீரியாவில் பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளே சுமார் 2 கோடி. பணமும் உபாத்தியாயரும் வந்துவிட்டாலும், சொல்வது புரியாத பாஷையில் சொல்லப்படுமானால், வெளியே நிற்பவனுக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கும் வித்தியாசம் ஒரு பெஞ்சியளவே.

மந்திரியின் பக்கத்தில் பேசுகிறவர்களிலும் யோக்கியர்கள் உண்டு. அவர்கள் கூறுவதைக் கேட்காமல் தள்ளிவிடலாகாது. நைஜீரியாவில் 500க்கு மேற்பட்ட பாஷைகள் இருக்கின்றன, எதில் போதிப்பது என்கிறார்கள். இது கனமான கேள்விதான். ஆனால் ஹௌஸா, யோருபா, இக்போ என்ற மூன்றையும் பேசுவோர் தனித்தனியே கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் இவற்றைவிடச் சிறிய ஜனத்தொகை பேசும் பாஷைகளில் சர்வகலாசாலைகளே நடைபெறுகின்றன. இருபதாயிரம் பேர் பேசும் பாஷைக்கு வழி தெரியவில்லையென்பதற்காகக் கோடிக்கணக்கானோர் பேசும் பாஷையின் வழியையும் அடைப்பானேன்?

பெற்றோர்கள் இங்கிலீஷைத்தான் விரும்புகிறார்கள் என்பது மற்றொரு வாதம். விரும்பத்தான் செய்வார்கள். சர்க்கார் உத்தியோகமும் கோர்ட்டும் பாங்கியும் இங்கிலீஷில் நடக்கும்போது, தகப்பன் தன் மகனுக்கு அந்தச் சாவியைத் தேடிக் கொடுக்க நினைப்பது புத்திசாலித்தனமே. அவனுடைய பிழை ஒன்றுதான். இங்கிலீஷில் எல்லாவற்றையும் படித்தால் இங்கிலீஷ் வருமென்று நம்புகிறான். இஃபே சோதனை இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய சர்க்காரே அவனுடைய பிழையைச் சட்டமாக்குகிறது.

தென்னாப்பிரிக்காவின் உதாரணம் இதைவிடச் சங்கடமானது. அதை மறைக்க நமக்கு விருப்பமில்லை. 1953ஆம் வருஷத்து பாண்ட்டு கல்விச் சட்டத்தின் கீழ், கறுப்பர்களின் குழந்தைகளுக்கு எட்டாவது வருஷம் வரையில் தாய்பாஷையிலேயே போதிக்க வேண்டுமென்று விதித்தவர்கள் வெள்ளை வெறியர்கள். குழந்தையின் மீதுள்ள அன்பினால் விதித்ததல்ல. கூலிவேலைக்கு மேல் அவன் தலை நிமிரக் கூடாது, ஜாதிக்கு ஜாதி பிரிந்தே கிடக்க வேண்டும் என்பதற்காக விதித்தது. பிறகு 1976ஆம் வருஷத்தில், பாதிப் பாடங்களை ஆளும் ஜாதியாரின் பாஷையான ஆஃப்ரிகான்ஸில் படிக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தினார்கள். ஜூன் 16ந் தேதி ஸொவேட்டோவின் மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள், போலீஸார் சுட்டார்கள். தாய்பாஷைக் கல்வி என்றதும் அந்த நாட்டுத் தாய்மார் முகம் சுளித்ததில் நியாயமிருந்தது. அவர்கள் தாய்பாஷையை வெறுக்கவில்லை. எஜமானன் அளந்து கொடுத்த கல்வியை வெறுத்தார்கள். இன்று சுதந்திர தென்னாப்பிரிக்காவின் சர்க்கார், அந்தக் கசப்பான ஞாபகத்தையும் கடந்து, 2025ஆம் வருஷம் முதல் நான்காம் வகுப்பில் தாய்பாஷையையும் இங்கிலீஷையும் சேர்த்துப் போதிக்கும் முறையைப் படிப்படியாகத் தொடங்கியிருக்கிறது. தெற்கே முன்னே அடியெடுத்து வைத்த அதே வருஷத்தில் மேற்கே பின்னே அடியெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பாதி வழியில் நின்றுவிட்ட தேசமும் ஒன்று உண்டு. அது டான்ஸானியா. பள்ளி உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கி, ஜனாதிபதியான பின்பும் உபாத்தியாயர் என்றே ஜனங்களால் அழைக்கப்பட்ட ஜூலியஸ் நைரேரே, 1967ஆம் வருஷத்தில் ஆரம்பக் கல்வி முழுவதையும் ஸ்வாஹிலியில் நிலைநிறுத்தினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் இரண்டை அந்த பாஷையில் அவரே மொழிபெயர்த்தார். 120க்கு மேற்பட்ட பாஷைகளுள்ள தேசம் ஒரே பாஷையில் பேசக் கற்றது. ஆனால் உயர்தரப் பள்ளியின் வாசலில் இங்கிலீஷ் காவல் நின்றது. 1982ஆம் வருஷத்தில் சர்க்காரே நியமித்த கமிஷன், அங்கும் ஸ்வாஹிலியைக் கொண்டுவரும்படி சிபார்சு செய்தது, சர்க்கார் ஏற்கவில்லை. 1984ஆம் வருஷத்தில் இரண்டு பிரிட்டிஷ் நிபுணர்கள் வந்து சோதித்து, பாடத்தைப் பின்பற்றும் அளவுக்கு இங்கிலீஷ் அறிந்த மாணவர்கள் மிகச் சிலரே என்று கண்டார்கள். இதைக் கண்டவர்கள் பாஷையை மாற்றச் சொல்லவில்லை. இங்கிலீஷைப் பலப்படுத்தச் சொன்னார்கள். அதற்கு பிரிட்டிஷ் சர்க்காரின் பணமும் வந்தது. 2015ஆம் வருஷத்தில் ஸ்வாஹிலியை மேலே கொண்டுபோகப் புதிய கொள்கையொன்று வெளியாயிற்று. அதுவும் ஏட்டளவில் நின்றது. நம்மவர்களுக்கு இதில் ஒரு சிறு சம்பந்தமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2023ஆம் வருஷத்தில் ஸான்ஸிபார் தீவில் தன் கிளையைத் திறந்தது. திருத்தமான ஸ்வாஹிலி பிறந்த இடமே அந்தத் தீவுதான். சென்னையிலிருந்து செல்லும் பேராசிரியர்கள் அந்த பாஷையைக் கற்றுக்கொண்டு, கணிதத்தில் ஒரு முதற் புஸ்தகமாவது அதில் வெளிவர உதவி செய்வார்களானால், கிளை திறந்ததற்கு அது தகுந்த நியாயமாயிருக்கும்.

மேல்தரக் கல்வியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இஃபே சோதனையை நடத்தியது ஒரு சர்வகலாசாலை. தாய்பாஷையில் புஸ்தகம் எழுதவும் சொற்களை ஆக்கவும் சர்வகலாசாலையைத் தவிர வேறு பட்டறை கிடையாது. நைஜீரியாவில் 1948ஆம் வருஷத்தில் இபாதானில் லண்டன் சர்வகலாசாலையின் கீழ் ஒரு கலாசாலை உண்டாயிற்று. சுதந்திரம் வந்த 1960லேயே இன்ஸுக்காவிலும், 1962க்குள் இஃபேயிலும் லாகோஸிலும் ஸாரியாவிலும் உள்நாட்டார் தாங்களே சர்வகலாசாலைகளை எழுப்பினார்கள். பிறகு 1980களில் கடன் சுமை வந்தது. கடன் கொடுத்தவர்களின் யோசனைகளும் வந்தன. ஆப்பிரிக்க தேசங்கள் மேல்தரக் கல்விக்குச் செலவிடுவதைச் சுருக்கி, மாணவர்களின் தலையில் கட்ட வேண்டுமென்று உலக பாங்கி 1988ஆம் வருஷத்து அறிக்கையில் உபதேசித்தது. நாணயத்தின் மதிப்பு சரிந்தது, சஞ்சிகைகள் வருவது நின்றது, பேராசிரியர்கள் கப்பலேறினார்கள். 2000ஆம் வருஷத்தில் அதே பாங்கி யுனெஸ்கோவுடன் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு, சர்வகலாசாலைகளை அலட்சியம் செய்தது தவறு என்ற கருத்துப்பட எழுதியது. தாய்பாஷை விஷயத்திலும், குறைந்தது முதல் 6 வருஷமாவது அதில் போதிக்க வேண்டுமென்று 2021ஆம் வருஷத்தில் பாங்கியே சிபார்சு செய்தது. வைத்தியர் நோயைக் கண்டுபிடிக்க எத்தனையோ வருஷம் எடுத்துக்கொண்டார். கண்டுபிடித்தபோதோ நோயாளி மருந்தைத் தட்டிவிடுகிறார்!

இன்றைய நிலைமையில் பேராசிரியர்களின் சங்கம் 2020ஆம் வருஷத்தில் மார்ச் முதல் டிசம்பர் வரையிலும், 2022ஆம் வருஷத்தில் பிப்ரவரி 14 முதல் அக்டோபர் 14 வரையிலும் வேலை நிறுத்தம் செய்தது. 2009ஆம் வருஷத்தில் சர்க்கார் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி கேட்டதுதான் பெரிய குற்றம். மாணவர்கள் மூன்று வருஷத்துக்குள் ஏறக்குறைய ஒன்றரை வருஷத்தை வீட்டில் கழித்தார்கள். 2024ஆம் வருஷத்தில் ஏழை மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கச் சட்டம் செய்ததையும், 2025ஆம் வருஷத்தில் புதிய மத்திய சர்க்கார் கலாசாலைகள் திறப்பதை 7 வருஷத்துக்கு நிறுத்தி, இருப்பவற்றைச் சீர்படுத்தத் தீர்மானித்ததையும் நாம் பாராட்டுகிறோம். எண்ணிக்கையைப் பெருக்கிப் பெயர்ப்பலகை மாட்டும் பைத்தியம் தெளிவது நல்லதே. அதே புத்தித் தெளிவு பாஷை விஷயத்தில் மந்திரிக்கு ஏன் உண்டாகவில்லை என்பதே நமது கேள்வி.

உத்தரவை மாற்ற இன்னும் காலம் கடந்துவிடவில்லை. தேசம் முழுவதற்கும் ஒரே நாளில் தாய்பாஷைக் கல்வியை விதிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. மூன்று பெரிய பாஷைகளின் பிரதேசத்திலாவது உபாத்தியாயர் பயிற்சிக் கலாசாலைகளில் தாய்பாஷைப் போதனையைக் கட்டாய பாடமாக்கட்டும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் புஸ்தகம் எழுதும் பொறுப்பை இபாதானுக்கும் இன்ஸுக்காவுக்கும் ஸாரியாவுக்கும் பிரித்துக் கொடுத்து, அதற்கென்று பணம் ஒதுக்கட்டும். இங்கிலீஷைப் போதிக்க இங்கிலீஷ் தெரிந்த உபாத்தியாயரைத் தனியே நியமிக்கட்டும். 6 வருஷம் நடந்த பிறகு பரீட்சை வைத்துப் பார்த்து, அப்பொழுது தீர்ப்புச் சொல்லட்டும். அதுவரையில் மந்திரிக்குப் படிக்க ஒரு புஸ்தகம் இருக்கிறது. 1989ஆம் வருஷத்தில் இபாதானில் அச்சானது, இங்கிலீஷில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தேசியக் கல்விக் கவுன்ஸில் அடுத்த முறை கூடுவதற்கு முன் அதை வரவழைத்து, அங்கத்தினர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.